குறைமாதத்தில் பிறந்தவரா நீங்கள்? 25 வயதானாலும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்... ஏன்?

"ஏழு மாசத்துல பொறந்தா பொழச்சுக்கும், எட்டு மாசத்துல பொறந்தா பொழைக்காது" - ஊர்ப்பக்கம் பாட்டிகள் இன்றும் சொல்லும் கணக்கு இது. மருத்துவக் கணக்கு இதற்கு நேர் எதிர். வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். எட்டு மாதக் குழந்தை, ஏழு மாதக் குழந்தையைவிட பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் இன்றைக்குக் கேள்வி 'பிழைக்குமா' என்பதோடு நிற்பதில்லை. இன்குபேட்டரிலும் வெண்டிலேட்டரிலும் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் வளர்ந்து காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. 20, 30 வயதைத் தொட்டிருக்கும் இவர்கள்தான், நவீன சிகிச்சையால் பெரிய எண்ணிக்கையில் உயிர் பிழைத்த முதல் தலைமுறை. இவர்களுடைய நுரையீரலும் இதயமும் எப்படி இருக்கின்றன என்று உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறார்கள். விடை பயமுறுத்துவதாக இல்லை. அதே சமயம், மறந்துவிடக் கூடியதாகவும் இல்லை.

எத்தனை வாரம் என்றால் குறைமாதம்?

37 வாரம் முழுதாக முடிவதற்குள் பிறக்கும் எல்லாக் குழந்தையும் குறைமாதக் குழந்தைதான். நாம் சொல்லும் 'பத்து மாசம்' என்பது நான்கு நான்கு வாரமாகக் கணக்கிட்டால் சரியாக 40 வாரம். 32 முதல் 37 வாரத்துக்குள் பிறப்பவர்கள் ஒரு வகை. 28 முதல் 32 வரை இன்னொரு வகை. 28 வாரத்துக்கும் முன்பு பிறப்பவர்கள் மிக மிகக் குறைமாதக் குழந்தைகள். இந்தப் பிரிவு முக்கியம். ஏனென்றால் கீழே வரப்போகும் ஆபத்துகள் எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல, வாரம் குறையக் குறையத்தான் ஏறும்.

2020-ம் ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதாவது 10 குழந்தைகளில் ஒன்றுக்கும் மேல். எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு, சுமார் 30 லட்சம். இவர்களில் மிகப் பெரும்பாலோர் 32 வாரம் தாண்டியவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடைசி வாரங்களில் நுரையீரலுக்குள் என்ன வேலை நடக்கிறது?

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வந்துவிடுகிறது. அதனால் உடம்பின் மற்ற உறுப்புகளைவிட நுரையீரல் கொஞ்சம் சாவகாசமாகத்தான் தயாராகிறது. மூச்சுக்குழாய்கள் மரக்கிளை போலப் பிரிந்து முடிந்த பிறகு, நுனியில் காற்று நுண்ணறைகள் உருவாக வேண்டும். ரத்தத்துக்கு ஆக்சிஜன் போவது இந்தக் குட்டிக் குட்டி அறைகளின் சுவர் வழியாகத்தான். சரியான நுண்ணறைகள் உருவாவதே 36-வது வாரத்தை ஒட்டித்தான் சூடு பிடிக்கிறது. பிறந்த பிறகும் சில ஆண்டுகள் அந்த வேலை தொடர்கிறது. வளர்ந்த மனிதரின் நுரையீரலில் சுமார் 30 கோடி முதல் 50 கோடி நுண்ணறைகள் வரை இருக்கும்.

இன்னொரு விஷயம் சர்ஃபாக்டன்ட். நுண்ணறைகளின் உட்சுவரில் சோப்பு நுரை மாதிரி பரவியிருக்கும் பொருள் இது. இது இல்லாவிட்டால் மூச்சை வெளியே விட்டதும் அறைகள் ஈரமான பிளாஸ்டிக் கவர் போல ஒட்டிக்கொள்ளும். மறுபடி விரிக்கவே குழந்தை போராட வேண்டும். 24-வது வாரத்தை ஒட்டி இது சுரக்கத் தொடங்கினாலும், போதுமான அளவு கிடைப்பது 34, 35-வது வாரத்தில்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1963 ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்த அவன் எடை சுமார் 2.1 கிலோ. இன்றைக்கு ஒரு நல்ல மாவட்ட மருத்துவமனையிலேயே காப்பாற்றிவிடக்கூடிய குழந்தை. ஆனால் அன்று உலகின் மிகப் பெரிய அதிகாரம் அப்பாவின் கையில் இருந்தும், 39 மணி நேரத்தில் மூச்சுத்திணறி இறந்துபோனான். இந்த நோய்க்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறை என்று மேரி எலன் ஏவரி, ஜெரே மீட் இருவரும் 1959-லேயே காட்டியிருந்தார்கள். காரணம் தெரிந்திருந்தது, மருந்துதான் இல்லை.

அது வர மேலும் பல ஆண்டுகள் ஆனது. பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் வேகமாக முதிரும் என்று நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி ஆகியோர் 1972-ல் வெளியிட்டனர். சர்ஃபாக்டன்டையே நேராக மூச்சுக்குழாயில் செலுத்தும் முறையை ஜப்பானின் ஃபுஜிவாரா 1980-ல் 10 குழந்தைகளிடம் செய்து காட்டினார். இன்றைக்கு 25, 30 வயதில் இருக்கும் பல குறைமாதக் குழந்தைகள் உயிரோடு இருக்க இந்த இரண்டும் பெரிய காரணம்.

காப்பாற்றும் மெஷினே காயப்படுத்துமா?

படுத்தும். இதை முதலில் கவனித்துப் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் நார்த்வே. வெண்டிலேட்டரில் வைத்து, அதிக அளவு ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றிய குழந்தைகளின் நுரையீரல் எக்ஸ்ரேயில் தழும்பு தழும்பாக இருந்ததை 1967-ல் அவர் குழு பதிவு செய்தது. பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா, சுருக்கமாக பிபிடி. குழந்தைகள் வார்டு டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த மூன்றெழுத்து இருந்தால், அந்தக் குழந்தை நீண்ட நாள் ஆக்சிஜன் உதவியில் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

அழுத்தி ஊதும் காற்றும், அளவுக்கு மீறிய ஆக்சிஜனும், இடையில் வரும் தொற்றும் சேர்ந்து பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்குகின்றன. இப்போது சிகிச்சை மென்மையாகிவிட்டது. மூக்கு வழியாகவே காற்றழுத்தம் கொடுக்கிறார்கள், ஆக்சிஜனை அளந்துதான் விடுகிறார்கள். அதனால் பழைய காலத் தழும்பு குறைந்துவிட்டது. ஆனால் புதிய பிபிடியில் வேறு பிரச்னை: நுண்ணறைகள் உருவாகும் வேலை பாதியில் நின்றுபோகிறது. அறைகள் எண்ணிக்கையில் குறைவாக, பெரிது பெரிதாக இருக்கின்றன. கூடவே வளர வேண்டிய ரத்தக்குழாய்களும் குறைவு.

வளர்ந்த பிறகு அதனால் என்ன?

பெரும்பாலானோருக்கு அன்றாட வாழ்க்கையில் ஒன்றும் தெரியாது என்பதுதான் சிக்கலே.

மூச்சை முழுதாக இழுத்து, ஒரு குழாயில் வேகமாக ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று மெஷின் அளக்கும். ஸ்பைரோமெட்ரி என்பது இதுதான். 32 வாரத்துக்கு முன்போ, ஒன்றரை கிலோவுக்கும் குறைவாகவோ பிறந்து, இளைஞர்களாகிவிட்டவர்களைப் பற்றிய 11 ஆய்வுகளின் தரவை ஒன்றாகச் சேர்த்து 2019-ல் ஒரு அலசல் வெளியானது. முழு மாதத்தில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் ஊதும் அளவு தெளிவாகக் குறைவு. பிபிடி இருந்தவர்களுக்கு இன்னும் குறைவு. 1995-ல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 26 வாரத்துக்கு முன் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் எபிக்யூர் ஆய்விலும், 19 வயதில் இதே நிலைதான்.

இதை வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர் டேங்கோடு ஒப்பிடலாம். எல்லோருடைய நுரையீரல் திறனும் 20-களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அது இயற்கை. 1,000 லிட்டர் டேங்கில் தொடங்குபவருக்கு 70 வயது வரை கவலை இல்லை. 800 லிட்டரில் தொடங்குபவருக்கும் இளமையில் தட்டுப்பாடு தெரியாது. ஆனால் அவர் சிகரெட் பிடிக்கத் தொடங்கினால், அல்லது புகையும் தூசியும் நிறைந்த இடத்தில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தால், முதலில் வற்றுவது அவருடைய டேங்க்தான். மூச்சுக்குழாய் அடைப்பு நோய் 60 வயதில் வர வேண்டியது 45-லேயே வந்து நிற்கலாம்.

ஆஸ்துமாவா, வேறயா?

இங்கேதான் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. குறைமாதத்தில் பிறந்தவருக்கு வீசிங் வருகிறது, மாடி ஏறினால் இளைக்கிறது. டாக்டரிடம் போகிறார். "சின்ன வயசிலிருந்தே இருக்கா? வீட்டுல யாருக்காவது இருக்கா?" என்று கேட்பார்கள். ஆஸ்துமா என்று எழுதி இன்ஹேலர் தருவார்கள். எத்தனை வாரத்தில் பிறந்தீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே வேறு. ஆஸ்துமாவில் பெரும்பாலும் ஒவ்வாமை சார்ந்த அழற்சி இருக்கும். அதை அடக்கத்தான் இன்ஹேலர் ஸ்டீராய்டு. குறைமாதத்தில் பிறந்தவரின் இளைப்புக்குப் பல நேரம் காரணம், குறுகலாக வளர்ந்த மூச்சுக்குழாயும் குறைவான நுண்ணறைகளும். அழற்சியே இல்லாத இடத்தில் அழற்சிக்கான மருந்து பெரிதாக என்ன செய்துவிடும்? பிபிடி இருந்த குழந்தைகளுக்கு வழக்கமான மருந்தாக இன்ஹேலர் ஸ்டீராய்டைப் பரிந்துரைக்க முடியாது என்று ஐரோப்பிய சுவாசவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்வது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. குறைமாதத்தில் பிறந்தவருக்கு நிஜமாகவே ஆஸ்துமாவும் இருக்கலாம், சிலருக்கு மருந்து நன்றாகவே கேட்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: "நான் இத்தனை வாரத்தில் பிறந்தேன், இத்தனை நாள் வெண்டிலேட்டரில் இருந்தேனாம்" என்று டாக்டரிடம் சொல்லி, ஸ்பைரோமெட்ரி தேவையா என்று கேட்பது.

சரி, இதயம் இதில் எங்கே வருது?

வயிற்றுக்குள் இருக்கும் வரை குழந்தையின் இதயத்துக்கு வேலை சுலபம். நஞ்சுக்கொடி பக்கம் ரத்தத்தைத் தள்ளப் பெரிய அழுத்தம் தேவையில்லை. தொப்புள்கொடியை வெட்டியதும் நிலைமை ஒரே நொடியில் மாறுகிறது. இனி உடல் முழுவதற்கும் அதிக அழுத்தத்தில் பம்ப் செய்ய வேண்டும். 40 வாரத்தில் இதயத் தசை இதற்குத் தயாராக இருக்கும். 28 வாரத்தில்? வளர்ந்து முடியாத தசை, வளர்ந்த இதயத்தின் சுமையைத் தூக்குகிறது. தாங்கிக்கொள்ள அது தன் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது.

அந்த மாற்றம் நிரந்தரமா என்று பார்த்தது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு. 1980-களில் குறைமாதத்தில் பிறந்து, பிறந்த நாளிலிருந்தே ஆய்வில் இருந்த 102 பேரையும், முழு மாதத்தில் பிறந்த 132 பேரையும் எம்ஆர்ஐ எடுத்து ஒப்பிட்டார்கள். 2013-ல் முடிவு வந்தது. குறைமாதத்தில் பிறந்தவர்களின் இதயம் சற்றே குட்டையாக, அறைகள் சின்னதாக, சுவர் தடிமனாக இருந்தது. நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பும் வலது பக்கத்தில் மாற்றம் இன்னும் அதிகம். நுரையீரல் கதையும் இதயக் கதையும் ஒன்று சேரும் இடம் அது. அங்கே ரத்தக்குழாய் குறைவாக இருந்தால், இங்கே தள்ளுபவருக்குத்தான் சுமை.

அதே ஆய்வுக் குழுவின் இன்னொரு கண்டுபிடிப்பு தாய்மார்களுக்கு முக்கியமானது. பிறந்த சில வாரங்கள் தாய்ப்பால் மட்டுமே குடித்த குறைமாதக் குழந்தைகளின் இதயம், பவுடர் பால் குடித்தவர்களின் இதயத்தைவிட வளர்ந்த பிறகு நல்ல நிலையில் இருந்தது. தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் இருப்பதன் பலன் அந்த வார்டோடு முடிவதில்லை.

மூன்றாவது ஆள் சிறுநீரகம். ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்களில் பாதிக்கு மேல் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் உருவாகின்றன. 36-வது வாரத்தோடு அந்த வேலை முடிந்துவிடும், பிறகு புதிதாக வராது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் ரத்த அழுத்தம் ஏற வாய்ப்பு அதிகம்.

குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு பிபி சராசரியாக 2 முதல் 4 புள்ளி வரை கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்க சின்னதாகத் தெரியும். ஸ்வீடனில் 1973 முதல் 2014 வரை பிறந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேட்டைப் பார்த்தபோது, 18 முதல் 29 வயதில் ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு இவர்களுக்குக் கால் பங்குக்கு மேல் அதிகம். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

'17 மடங்கு' என்று படித்தேனே... பயப்படணுமா?

இணையத்தில் தேடினால் கண்ணில் படும் எண் இது. இதுவும் ஸ்வீடன் பதிவேட்டிலிருந்து, 2017-ல் வந்தது. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு 17 மடங்கு என்பது உண்மை. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு எண்ணை யாரும் பகிர்வதில்லை. ஆய்வில் இருந்தவர்கள் 26 லட்சத்துக்கும் மேல். இளம் வயது வரை இதயச் செயலிழப்பு வந்தவர்கள், எல்லா வாரங்களும் சேர்த்து, மொத்தம் 501 பேர். மிக அரிதான ஒன்று 17 மடங்கானாலும் அரிதாகவே இருக்கும்.

இன்னொரு ஸ்வீடன் கணக்கும் உண்டு. 18 முதல் 43 வயதுக்குள் பெரிய நோய் எதுவும் இல்லாமல் இருப்பவர்கள் முழு மாதத்தில் பிறந்தோரில் 100-க்கு 63 பேர். குறைமாதத்தில் பிறந்தோரில் 100-க்கு சுமார் 55 பேர். இடைவெளி இருக்கிறது, பாதாளம் இல்லை. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில் மட்டும் அது சுமார் 22-ஆக இறங்குகிறது. அந்தச் சிறு பிரிவுக்குத்தான் தொடர் கண்காணிப்பு கட்டாயம்.

பழைய ஃபைல் எங்கே?

இந்த விஷயத்தில் உண்மையான ஓட்டை இதுதான். குழந்தையாக இருக்கும்போது கண், காது, மூளை வளர்ச்சி எல்லாம் பார்க்கிறார்கள். பள்ளிக்குப் போனதும் ஃபாலோ-அப் நின்றுவிடுகிறது. 25 வயதில் போய் நிற்கும் கிளினிக்கில் பிறப்பு விவரம் கேட்கும் பழக்கம் இல்லை. பிபி, சுகர் பார்க்கும் தேசியத் திட்டமும் 30 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. 22 வயதில் பிபி ஏறத் தொடங்கும் ஒருவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

ஆவணமும் கையில் இருக்காது. உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதுதான் 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவ ஒழுங்குமுறை விதி. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அதனால் இப்போது கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் உடனே டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். பிறந்த வாரம், எடை, வெண்டிலேட்டரில் இருந்த நாட்கள், ஆக்சிஜன் எப்போது நிறுத்தப்பட்டது, பிபிடி என்று எழுதியிருக்கிறதா, இதயத்தில் மூடாத குழாய்க்கு சிகிச்சை நடந்ததா - இவ்வளவு போதும். வளர்ந்தவர்கள் அம்மாவையோ சித்தியையோ கேளுங்கள். "ஒன்றரை கிலோ இருந்தே, ஒரு மாசம் பெட்டியில வெச்சிருந்தாங்க" என்ற ஒரு வரியே டாக்டருக்குப் பெரிய தகவல்.

18 வயது தாண்டியவர்கள் வருடம் ஒரு முறை பிபி பார்த்துக்கொள்வது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு 3 வயதுக்கு முன்பிருந்தே பிபி பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க குழந்தைகள் நல மருத்துவ அகாடமி. பிபிடி இருந்தவர்கள் ஒரு முறையாவது ஸ்பைரோமெட்ரி செய்து அளவைப் பதிந்து வைக்கலாம். எக்கோ எல்லோருக்கும் தேவையில்லை. மூச்சிரைப்பு, மயக்கம், கால் வீக்கம் போன்ற அறிகுறி இருந்தால் டாக்டர் முடிவு செய்வார். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன்பும், பெண்கள் கர்ப்பமானதும் முதல் செக்கப்பிலும் இதைச் சொல்லிவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் பிபி ஏறும் வாய்ப்பு சற்று அதிகம்.

ஓடலாமா, விளையாடலாமா?

தாராளமாக. "குறைமாசப் புள்ள, ஓடாத" என்று பொத்திப் பொத்தி வளர்ப்பதுதான் தவறு. வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் பழகப் பழக மூச்சு தாங்கும் திறன் இவர்களுக்கும் கூடும். பிபிக்கும் அதுவே நல்லது. இதயப் பிரச்னை ஏற்கெனவே இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்க வேண்டும்.

பொத்தி வைக்க வேண்டியது புகையிடமிருந்து. குளிப்பாட்டியதும் குழந்தைக்குச் சாம்பிராணி போடுவது நம் வீடுகளில் பழக்கம். முடி காய வேறு வழி இருக்கிறது, குறைமாத நுரையீரலுக்கு அந்தப் புகை வேண்டாம். கொசுவர்த்திச் சுருள், விறகடுப்பு, அப்பாவின் பீடி எல்லாமே இதில் சேர்த்தி. மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது இன்னொரு தவறு. வளர்ச்சியைப் பார்க்கும்போது முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துப் பார்ப்பார்கள், சரி. தடுப்பூசிக்கு அந்தக் கழித்தல் கிடையாது. பிறந்த தேதியிலிருந்தே கணக்கு. நிமோனியாவைத் தடுக்கும் பிசிவி ஊசி அரசுத் திட்டத்திலேயே இலவசம்.

அம்மாவுக்கும் ஒரு பிபி செக்கப்

குழந்தை பெட்டிக்குள் இருக்கும்போது எல்லோர் கண்ணும் குழந்தை மேல். ஆனால் குறைமாதத்தில் பிரசவித்த பெண்களுக்கும் பிற்காலத்தில் ரத்தக்கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கர்ப்பத்தில் பிபி ஏறியதால் முன்கூட்டியே பிரசவம் பார்க்க வேண்டியிருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிரசவம் முடிந்ததும் பிபி இறங்கிவிட்டது என்று விட்டுவிடாமல், குழந்தையைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போகும் அன்றைக்கே அம்மாவும் கையை நீட்டி பிபி பார்த்துக்கொண்டு வந்துவிடலாம்.